இடிந்த நகரங்களைப் பார்க்கப் புறப்பட்டவர்

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில், டண்டினொங் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திர உதிரிகளுக்கு வரைபடம் போடும் வேலையில் நான் இருந்தேன். அங்கே பழுதுபார்க்கும் பகுதியில் ஒரு அவுஸ்திரேலியர். ஓய்வுக்கு நெருங்கிய வயது, மனைவி இறந்து தனி ஆள், விமானத்தில் கால் வைத்தறியாதவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இலங்கையின் இடிந்த நகரங்களைப் பற்றி நூலகத்தில் எடுத்த ஒரு தடித்த புத்தகத்தை விரிப்பார். அநுராதபுரத்தில் வெள்ளைக் கும்பங்களாய் எழுந்த தாதுகோபங்கள், பொலநறுவையில் கல்லாய்ப் படுத்திருக்கும் புத்தர், சிகிரியாவின் சிங்கப் பாதங்கள். நான் பள்ளிச் சுற்றுலாவில் அவற்றைப் பார்த்தவன்தான். நினைவில் நின்றது பஸ்ஸில் பாடிய பாட்டு மட்டும். அவரோ ஒவ்வொரு தூணையும் விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்.

நீண்ட சேவைக்கான லீவு கிடைத்ததும், இலங்கைக்குப் போகிறேன் என்றார். வாழ்நாளில் இந்த ஒரு பயணம்தான். இன்னொன்றுக்கு வசதியும் வராது, வயதும் விடாது. அது இருவருக்குமே தெரியும். எந்த நாள் எந்த ஊர் என்று உட்கார்ந்து திட்டம் போட்டோம். போடும்போது எனக்கே ஆசை வந்துவிட்டது.

இதை நோபல் பார்க் என்ற புறநகரில் ஒரு தமிழ் வீட்டில் போய்ச் சொன்னேன். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு வீட்டில் விழுந்த செய்தி தேநீர் ஆறுமுன் மற்ற வீடுகளுக்குப் போய்விடும்.

அவர் புறப்படுமுன் ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். கை கழுவி வருவதற்குள் வாசலில் கார்கள். ஆளுக்கொரு பார்சல். ஊரில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. பால்மாவுக்கும் டோர்ச் பற்றரிக்கும் உடுதுணிக்கும்கூடத் தட்டுப்பாடு. எல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும்!

"அன்ரி, அவர் யாழ்ப்பாணம் போகேல்லை. அநுராதபுரம் பாக்கப் போறார்" என்றேன், முதலில் வந்தவரிடம்.

"அநுராதபுரத்தாலதானே மோனை யாழ்தேவி ரயில் போகுது? இறங்காமல் இருந்தாச் சரி."

"அவற்ற லீவு முழுக்க உதுக்கே போயிடும்."

"சும்மா கல்லைப் பாக்கிறதுக்கு எத்தினை நாள் வேணும்? பாவம், ஊரில இருக்கிற எங்கட ஐயாவுக்கு ஒரு குளிர்ச்சட்டை. தபாலில போட்டா நடுவில களவு போயிடும். கையில குடுக்கச் சொல்லு."

பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் சிரித்தார். "வெள்ளைக்காரன்ர பெட்டியைக் கொழும்பில ஒருத்தரும் கிண்டமாட்டாங்கள், அண்ணை. இப்பிடி ஒரு சான்ஸ் வராது."

எங்கள் சனத்துக்கு ஊருக்குப் போகிறவரின் பெட்டி பொதுச்சொத்து. போகிறவர் தமிழரா, ஸ்கொட்லாந்துக்காரர் பரம்பரையா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. எனக்குத் தலை வெடித்தது. அவரோ புன்னகைத்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தார். கொழும்பில் இறங்கியதும் தபாலில் போட்டுவிடுங்கள் என்று காதோடு சொன்னேன்.

"கையில் கொடுக்கச் சொன்னார்களே, மேட்" என்றார். நண்பன் என்பதற்கு அவர்கள் வழக்குச் சொல் அது. பெட்டியில் இடம் போதாமல் தன் மாற்றுச் சப்பாத்தையும் இரண்டு காற்சட்டையையும் வீட்டில் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினாராம்.

லீவு முடிந்து வந்தவர், பயணத்தின் ஸ்லைட்டுகளைக் காட்ட என் வீட்டுச் சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டினார். பார்சல் கொடுத்த அத்தனை பேரும் வந்து கதிரைகளை நிறைத்திருந்தார்கள். விளக்கை அணைத்தேன். பொலநறுவைக்காகக் காத்திருந்தேன்.

வந்தது ஒரு முற்றம். குளிர்ச்சட்டையை அந்த வெயிலில் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கும் ஒரு முதியவர், அன்ரியின் தகப்பனார். அடுத்தது இன்னொரு வீடு, பால்மாப் பேணியோடு ஒரு தாய். அடுத்தது இன்னொரு வீட்டுப் படலைவாசல். ஒப்படைத்ததற்கு அத்தாட்சியாக வீட்டுக்கு ஒரு படம் எடுத்திருக்கிறார் மனிதர்! எந்த வீட்டிலும் பார்சலை வாங்கிக்கொண்டு அனுப்பவில்லை. புட்டும் முட்டைப்பொரியலும் வைத்து, பிள்ளை மெலிந்துவிட்டாளா என்று விசாரித்து, இன்றைக்கு நின்று நாளைக்குப் போங்கள் என்று மறித்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் வேட்டி கட்டிக் கலியாணத்துக்கே கூட்டிப்போயிருக்கிறார்கள். லீவு அப்படியே கரைந்துவிட்டது. அநுராதபுரம்? ரயில் ஜன்னலால் எடுத்த ஒரேயொரு படம். மரங்களுக்கு மேலே மங்கலாக ஒரு வெள்ளைக் கும்பம்.

"உது வேண்டாம், அடுத்ததைப் போடுங்கோ" என்றார் ஒருவர்.

"ஐயோ, எங்கட குசினிச் சுவர் இன்னும் பூசேல்லை!" என்றார் இன்னொருவர்.

ஒருவராவது, உங்கள் பயணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று சொல்லவில்லை. ஊரிலிருந்து அவர்களுக்காக அவர் கொண்டுவந்த புழுக்கொடியலையும், அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கையும், ஊறுகாயையும் இங்கே விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள் என்றதும், "கெட்டித்தனமாக் கொண்டுவந்திருக்கலாம்" என்று முணுமுணுப்பு வேறு. விளக்கைப் போட்டு எல்லோரையும் கலைத்துவிடலாம் போலிருந்தது.

எல்லோரும் போனபின் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஸ்லைட்டுகளைப் பெட்டியில் அடுக்கியபடியே சொன்னார்: "பார்க்காதது வருத்தம்தான், மேட். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் தட்டிய கதவெல்லாம் திறந்தது. இங்கே என் தெருவில் அப்படி இல்லை."

அவர் பொலநறுவையைப் பார்க்கவேயில்லை. சில வருடங்களில் இறந்துபோனார். அவருடைய தங்கை அந்த ஸ்லைட்டுப் பெட்டியை என்னிடம் கொண்டுவந்து தந்தார். பிறகு ஊரில் போர். போன வருடம் குளிர்ச்சட்டை கொடுத்துவிட்ட அன்ரி தொலைபேசியில் வந்தார். ஷெல் விழுந்து வீடும் போய், வீட்டோடு படங்களும் போய்விட்டனவாம். "தம்பி, ஐயா முத்தத்தில நிக்கிற அந்தப் படம் உன்னட்ட இருக்கோ?" என்றார். படத்தைப் பெரிதாக்கி, இங்கே கிரான்பர்னில் இருந்த அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். ஐயாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கிணற்றடியைப் பார்த்தார். என்னை உட்காரச் சொல்லவே மறந்துவிட்டார்.

ஒரு நல்ல மனிதரின் ஒரே பயணத்தைப் பறித்துக்கொண்டோமே என்ற ஆத்திரமும், அப்படிப் பறித்ததால்தான் அந்த முற்றம் இன்னும் மிஞ்சியிருக்கிறது என்ற நன்றியும் எனக்குள் ஒரே கதிரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டில் ஒன்றை எழும்பச் சொல்ல இந்த வயதிலும் எனக்கு மனம் வரவில்லை.