தெற்குப் பார்த்த சரிவு

ஆக்லாந்தின் வடக்கே பெரிய கொட்டகைக்குள் செயற்கைப் பனிச்சரிவு. உச்சியில், காலில் சறுக்குப் பலகைகளோடு நிற்கிறேன். தெற்கே ஒரு மலையிடுக்கில் பனிச்சறுக்குச் சொல்லித்தரும் மகள், மதுரை வீட்டுக்குக் கடைசியாக வந்து மூன்று வருடம் ஆகிறது; நானே பார்க்கக் கிளம்பி வந்துவிட்டேன். நாளை அவளோடு சறுக்க வேண்டும், இன்று ஒத்திகை.

பாதங்களை உள்பக்கம் திருப்பினால் பிரேக். அதை மட்டும் பிரமாதமாகக் கற்றுவிட்டேன். நண்டுசிண்டுகள் பாடிக்கொண்டே இறங்க, நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி அதே இடத்தில்.

"அண்ணை, பிரேக்கை விடுங்கோவன்," என்கிறார் பயிற்சியாளர், ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ பகுதியில் வசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்.

"விட்டா விழுந்துடுவேனேம்மா!"

"ஓம், விழுவீங்கள். உங்கட மகளும் விழுந்துதானே பழகியிருப்பா?"

அவள் விழுந்தபோதெல்லாம் நான் மதுரையில் இருந்தேன்.

பாதங்களை நேராக்குகிறேன். கொட்டகை அதிர அலறியபடி, தெற்கு நோக்கிப் போகிறேன்.