துணி கட்டாத ஸ்டியரிங்

லொறிக்கு ரோசாப்பூ நிறம் அடித்திருந்தார்கள். சீ! விறகும் தேங்காயும் வெங்காய மூட்டையும் சுமந்து தேய்ந்த, மூக்கு நீண்ட பழைய வண்டியை எங்கேயோ ஒரு வீட்டு வளவுக்குள்ளிருந்து இழுத்து வந்து, சாவகச்சேரியில் ஒரு கலியாண மண்டபத்து வாசலில் நிறுத்தி, பின்பெட்டி நிறையப் பிளாஸ்டிக் பூவைக் கொட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறி நின்று படமெடுக்க ஏணி வேறு.

மண்டபத்துக்காரர் கனடாவிலிருந்து திரும்பி வந்தவர். பழைய லொறிச் சாரதிகள் ஐந்து பேரைக் கூப்பிட்டு, வண்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தி, எதிரே கமெராவை நிறுத்தினார். "ஐயாமார், அந்தக் காலத்துக் கதையளை நல்ல கலகலப்பாச் சொல்லுங்கோ" என்றார். அந்த ஐவரில் நானும் ஒருவன். பக்கத்துக் கதிரையில் என் கூட்டாளி, வலது காலை நீட்டியபடி. அவனுக்கு அந்தக் கால் மடங்காது. இளந்தாரி வயதில் நாங்கள் இருவரும் ஒரே முதலாளியின் லொறியை ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறி ஓடினோம்.

கதைத்தார்கள். கதைத்தார்கள் என்ன, புளுகினார்கள்! மீசைக்கு மை பூசிய ஒருவர்தான் அதில் தலைவர். சண்டையில் இடம்பெயர்ந்த சனத்தை இரவு பகல் பாராமல் ஏற்றி இறக்கியதாகக் கண் கலங்கச் சொன்னார். பெரிய வீட்டுக்காரரின் அலுமாரிக்கு இடம் வேண்டுமென்று லொறிப் பெட்டிக்குள் இருந்த கிழடு கட்டைகளை றோட்டில் இறக்கிவிட்ட மனுசன் இவர். நான் கண்ணால் கண்டேன். மற்றவர்களும் கண்டவர்கள்தான். ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல்தான் தாங்க முடியாத அரியண்டமாக இருந்தது.

பிறகு சவர்க்காரத் தண்ணீர்க் கதை வந்தது. யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் டீசல் இல்லை, மண்ணெண்ணெயில் ஓடினோம்; பிறேக் ஒயிலும் இல்லை. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தைச் சீவித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, பிறேக் ஒயில் விடும் டப்பாவுக்குள் விடுவோம். பிறேக் பிடிக்கும். ஆனால் அடிக்கடி மிதித்துச் சூடேறினால் தண்ணீர் கொதித்து, பிறேக் பிடிக்காமல் மிதித்த கால் அடிவரை போய்விடும். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. சவர்க்காரத் தண்ணீர் விட்டவன், உடுத்த பழைய சாரத்தில் ஒரு கீலம் துணி கிழித்து ஸ்டியரிங்கில் கட்டிவிட வேண்டும். அடுத்து ஏறுபவன் துணியைக் கண்டால் அரை லோட்தான் ஏற்றுவான், ஊர்ந்து ஊர்ந்துதான் ஓடுவான்.

இதையெல்லாம் மீசைக்காரர் கமெராவுக்கு விளக்கிவிட்டு என் கூட்டாளியின் பக்கம் திரும்பினார்.

"உந்தச் சட்டமெல்லாம் குடிச்சிட்டு ஓடுறவனுக்கு எங்கை விளங்கும்? உவர் நாவற்குழி வெளியிலை, நேர் றோட்டிலை, மதகிலை கொண்டுபோய் இடிச்சவர்! கேட்டால் மாடு குறுக்கை வந்ததாம். கள்ளுப் போத்திலுக்கை இருந்து வந்த மாடு போலை!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மண்டபத்துக்காரரும் சிரித்தார். என் கூட்டாளியும் சிரித்தான். அவன் அந்தச் சிரிப்பைச் சிரிக்கப் பழகி எத்தனையோ வருடம்.

அவன் குடித்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த விபத்துக்கு இரண்டு மாதம் முன்னர், மகளின் தலையிலடித்து மனைவிக்குச் சத்தியம் செய்து அடியோடு விட்டிருந்தான். மதகில் மோதியதும் ஊர் முழுக்க ஒரே கதைதான்: குடிகாரன் பிள்ளையின் தலையில் செய்த சத்தியத்தையே முறித்துவிட்டான். அதற்குப் பிறகு ஒருவரும் அவன் கையில் வண்டி கொடுக்கவில்லை. அதைவிட, போன வருடம் கண்ணை மூடும்வரை அவன் மனைவி அவனோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

விபத்துக்கு முதல்நாள் பின்னேரம் சவர்க்காரத் தண்ணீர் விட்டது நான். கட்ட வேண்டிய கீலம் என் கையில்தான் இருந்தது. கையில் கிறீஸ். அந்தத் துணியிலேயே துடைத்தேன், ஊத்தையாகிவிட்டது, வேலிப் பக்கம் எறிந்தேன். வேறொன்று கிழிப்போம் என்று நினைத்தபோது புட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். இவ்வளவுதான் காரணம். அடுத்தநாள் அவன் விறகை முழு லோட் ஏற்றிக்கொண்டு, குண்டும் குழியுமான றோட்டில் பிறேக்கை மிதித்து மிதித்துப் போயிருக்கிறான். மாடு குறுக்கே வந்தபோது பிறேக் பிடிக்கவில்லை. செய்தி கேட்டு ஓடினேன். நான் முதலில் பார்த்தது அவன் நசிந்த காலையல்ல. யாராவது அந்தப் பிறேக் டப்பா மூடியைத் திறந்து பார்த்தார்களா என்றுதான் பார்த்தேன். தூ! அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே எனக்கு அருவருக்கும்.

மீசைக்காரர் மறுபடியும் மாடு என்று தொடங்கினார்.

"நிப்பாட்டடா!" என்று கத்திவிட்டேன். "அண்டைக்கு அவன் ஒரு சொட்டும் குடிக்கேல்லை. சவர்க்காரத் தண்ணி விட்டது நான். துணி கட்டாமல் போனதும் நான்."

சிரிப்பு நின்றது. "உதை ஏன் இப்ப போய்க் கிளறுறாய்?" என்று மீசைக்காரர் முணுமுணுத்தார். மண்டபத்துக்காரர் கமெராவை நிறுத்தினார். "ஐயா, உது கலியாண மண்டபத்து வீடியோவுக்குச் சரிவராது. உதை வெட்டிப்போட்டு, அந்த மாட்டுக் கதையிலை இருந்து திரும்ப எடுப்பம். எல்லாரும் முந்தின மாதிரிச் சிரியுங்கோ" என்றார். அவர் முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனால் என்னைவிட அவர் எவ்வளவோ மேல்.

நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் திடுக்கிடவேயில்லை.

"எனக்குத் தெரியும்" என்றான். "எறிபட்டு வண்டிக்குக் கீழை கிடக்கேக்கை பிறேக் குழாய் உடைஞ்சு முகத்திலை சொட்டினது. சவர்க்காரம் கண்ணை எரிச்சது."

"தெரிஞ்சும் ஏன்ரா ஊருக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் முதலாளி உன்னையும் வேலையிலை இருந்து கலைச்சிருப்பார். ரெண்டு வீட்டிலையும் அடுப்பெரியாது." தன் காலைத் தடவினான். "மனிசிக்கு மட்டும் சொன்னனான். எத்தினையோ தரம். குடிகாரன் சாட்டுச் சொல்லுறான் எண்டு நினைச்சாள். 'உங்கடை கூட்டாளி தன்ரை வாயாலை சொல்லட்டும், நம்புறன்' எண்டவள். நீயாவே வந்து சொல்லுவாய் எண்டு இருந்தன்."

அவள் இருந்தவரை நான் அந்த வீட்டுக்குப் போகாத வருடமில்லை. போனால் அவள் தேத்தண்ணி கொண்டுவந்து தருவாள். தந்துவிட்டு உடனே உள்ளே போகமாட்டாள், கதவோரத்தில் என்னைப் பார்த்தபடி நிற்பாள். நான் மழையைப் பற்றிக் கதைப்பேன். கோப்பையைத் திருப்பிக் கொடுப்பேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள்.