நிற்காமல் ஓட்டிய கோமளா டீச்சர்

கோடை விடுமுறையில் ஒரு மதியம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. குன்னூரிலிருந்து கோமளா டீச்சரின் மகள் மலர். "டீச்சர், அம்மா போய்ட்டாங்களாம். பக்கத்து வீட்ல இப்பதான் சொன்னாங்க. நான் கெளம்பிட்டேன். வர்ற வரைக்கும் நீங்க போயி கூட இருங்க." அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

திருத்தணியில் நம் பள்ளியில் கணக்கு எடுத்த கோமளா டீச்சரை உங்களுக்கெல்லாம் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கியதும் நினைவிருக்கும். அதில் ஏசி இருந்தது. "டீச்சருக்கு ஏசி கேக்குது பாரு" என்று ஆசிரியர் அறையில் பேசிச் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இன்று அதை ஒப்புக்கொள்கிறேன்.

கார் மகளுக்காக வாங்கியது. மலருக்குப் பிறவியிலேயே வேர்வை சுரக்காது. வெயில் ஏறினால் உடம்பு அப்படியே கொதிக்கும், வலிப்பு வரும். அப்போது அவளுக்கு ஏழு வயது. டீச்சரின் கணவரும் இறந்துவிட்டிருந்தார். வேலூர் டாக்டரிடம் மாதாமாதம் பஸ்ஸில் கூட்டிப்போக முடியாமல்தான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டார். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த ஏசி சரியாகக் குளிராது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும், "காஸ் கம்மியா கீது டீச்சர், ரொப்பிடறேன்" என்பார். பட்டறையில் நன்றாகத்தான் குளிரும். மதியம் கடைத்தெருவில் மாட்டினால் வெந்நீர் ஆவி போல் காற்று வரும். மூன்று முறை காஸ் ரொப்பியும் அதே கதைதான். டீச்சர் ஒரு நோட்டில், எங்கே எத்தனை மணிக்குக் குளிர்ந்தது, எங்கே குளிரவில்லை என்று எழுதிக்கொண்டே வந்தார்.

அந்த மே மாதம், மலரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் வேலூர் போகிற வழியில் ஒரு ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் நகராமல் நின்றது. பதினோரு மணி வெயில். சற்று நேரத்தில் ஏசி அனலாகிவிட்டது. ஜன்னலை இறக்கினால் உள்ளே வந்ததும் அனல்தான். துண்டை நனைத்து மலர் மேல் போட்டேன், தண்ணீரே சுட்டது. குழந்தையின் முகம் சிவந்து கண் செருக ஆரம்பித்தது. "டீச்சர், இன்னா பண்றது?" என்று நான் அழுதேவிட்டேன்.

அவர் இறங்கிப் பின்னாலிருந்த லாரிக்காரரிடம், "அண்ணா, கொஞ்சம் பின்னால எடுங்க, கொழந்தைக்கு முடியல" என்றார். காரைத் திருப்பினார். ஊருக்குத்தான் திரும்புகிறோம் என்று நினைத்தேன். இல்லை. வந்த சாலையிலேயே ஐந்து மைல் ஓட்டினார், மறுபடி கேட் வரை வந்தார், மறுபடி திரும்பினார். முதல் மைலிலேயே காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் சுற்றில் மலர் கண் திறந்து, "அம்மா, தண்ணி" என்றாள். கேட் திறக்கும் வரை அந்த வண்டி நிற்கவே இல்லை.

"நின்னா சூடு, ஓடினா சில்லு. காஸ் இல்லன்னா ஓடும்போது மட்டும் எப்படிங்க வரும்?" என்றார், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

மறுநாள் பட்டறையில் டீச்சர், "ஏசி போட்டு பானெட்டத் தூக்குங்க" என்றார். "நீங்க பாடம் நடத்துங்க டீச்சர், இத நான் பார்த்துக்கறேன்" என்று மெக்கானிக் சிரித்தார். டீச்சர் நகரவில்லை. பானெட்டைத் தூக்கினால், முன்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்குக் காற்றடிக்க வேண்டிய விசிறி சும்மா நின்றது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்திருக்கிறது. நின்றால் செய்ய ஆளில்லை. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஆங் டீச்சர், நான்தான் பார்க்காம வுட்டுட்டேன்."

"மூணு தடவையும் காலைலயே பார்த்தீங்க. எம்பொண்ணு மத்தியானம்தான் வாடுவா" என்றார். அவ்வளவுதான், ஒரு சுடுசொல் இல்லை. விசிறி மோட்டாரை மாற்றி, கண்டன்சரில் அடைந்திருந்த மண்ணையும் தூசையும் கழுவிய பிறகு அந்த ஏசி மலரை ஒருநாளும் கைவிடவில்லை.

மலர் வளர்ந்து, குளிர்ந்த ஊராகப் பார்த்துக் குன்னூரில் படிக்கப் போனாள்; வேலையும் அங்கேயே. டீச்சர் இங்கே தனியாக இருந்தார். மாலையில் என்னைக் காரில் வீட்டில் கொண்டுவந்து விடுவார். ஜன்னல் திறந்திருக்கும். ஒருமுறை ஏசியைப் போடச் சொன்னேன். "யாருக்கு? நமக்குத்தான் வேர்க்குதே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மலர் போனில் சொன்ன அன்று நான் டீச்சர் வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டு அம்மா ஒன்று சொன்னார். வெயில் காலத்தில் தனக்கு ஏதாவது ஆனால் சூரியன் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், பெண்ணால் நிற்க முடியாது என்று டீச்சர் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். மறுநாள் காலை ஆறு மணிக்கே எடுத்தோம். மலர் ஈரத் துண்டைப் போர்த்துக்கொண்டு கடைசி வரை நின்றாள்.

அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போன வருடங்கள்தான் என்னிடம் இருக்கின்றன. நாலரை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கும்போது, இன்னும் ஒரே ஒருமுறை, இருவரும் வேர்த்து வழிந்துகொண்டு அந்தச் சாலையில் போக வேண்டும் போலிருக்கிறது.