கையெழுத்தை அப்புறம் போட்ட பஷீர் பாய்

பஷீர் பாய் இறந்துவிட்டார். காலையில் எஸ்எம்எஸ் வந்தது... மாரடைப்பு. மேற்குத் தாம்பரத்தில், வீட்டிலேயே.

எங்கள் கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். நான் அங்கே போனில் புகார் வாங்கி ஆளை அனுப்புகிறவன்.

கடைசி வரை அவரை பர்மனென்ட் ஆக்கவில்லை. வேலை தெரியாமல் இல்லை. ரிப்போர்ட்டில் நான் டைப் செய்த நேரத்தால்.

யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரத்தில் மெக்கானிக் அங்கே இருக்க வேண்டும். வந்ததற்கு அத்தாட்சி வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் கையெழுத்து. அதோடு கணக்கு முடிந்தது. மாட்டிக்கொண்டவர் எப்போது வெளியே வந்தார் என்று எழுத ரிப்போர்ட்டில் இடமே கிடையாது.

மற்றவர்கள் கேட்டில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு மாடி ஏறுவார்கள். ரிப்போர்ட்டில் அவர்கள் பெயர் பச்சையில் இருக்கும்.

ஒருமுறை மேடவாக்கம் அபார்ட்மென்ட் ஒன்றுக்கு அவர் பைக்கில் நானும் போனேன். அரை மணிக்குள்ளேயே போய்விட்டோம். மூன்றாவது மாடிக்கு மேலே ஒரு அம்மா மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், கையெழுத்து" என்று கத்தினார் வாட்ச்மேன்.

"அப்பறம் போட்டுக்கலாம்பா. உள்ள ஆளு கீது."

படியில் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். "யம்மா, நான் வெளியதான் கீறேன். இன்னிக்கி வூட்ல இன்னா கொழம்பு?"

உள்ளே அழுகை நின்றது. "சாம்பார்..."

"இன்னா சாம்பாரு?"

"முருங்கைக்காய்."

"எனக்கும் ஒரு தட்டு எட்த்து வைய்யி."

அந்த அம்மாவை வெளியே எடுத்த பிறகுதான் கீழே வந்தார். வாட்ச்மேன் தன் வாட்ச்சைப் பார்த்து நேரம் எழுதினார். அரை மணி தாண்டியிருந்தது. சிவப்பு.

டிரெய்னிங்கில் மேனேஜர் போர்டில் கட்டம் கட்டமாகப் போட்டார். கஸ்டமர் எதிர்பார்ப்பது ஒரு கட்டம், நாம் கொடுப்பது ஒரு கட்டம், நடுவில் இடைவெளி. அதைக் குறைப்பதுதான் சர்வீஸாம்.

"சார், உள்ள மாட்டிக்கினு கீறவரு எந்தக் கட்டத்துல வர்றாரு?" என்று கேட்டார் பாய்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஒரு மாதம் மட்டும் அவர் உண்மையாக வந்து சேர்ந்த நேரத்தை டைப் செய்தேன். "ப்ரூஃப் எங்கே?" என்றார் மேனேஜர். அழித்துவிட்டு ரிஜிஸ்டர் நேரத்தையே போட்டேன். நானும் கான்ட்ராக்ட்தான்.

பாயிடம் சொன்னேன். "வுடு தம்பி. உன் வேலையும் பூடப் போவுது" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பெர்மிஷன் கேட்டேன். மாத ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுப் போகச் சொன்னார்கள்.

அதில் அவர் பெயருக்கு நேரே மூன்று சிவப்பு. அப்படியே அனுப்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

போங்க பாய்... கையெழுத்து அப்பறம் போட்டுக்கலாம்.