பெரிய டிரம் நிற்கும் பக்கம்

ஊசி இறங்கியதும் முதலில் கடுகு பொரிவதுபோல் லேசாகச் சத்தம் வந்தது. அடுத்த நொடி பழமலைநாதனின் பம்பை அறைக்குள் நுழைந்தது. அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் அடித்ததை ஒரு கறுப்புத் தட்டிலிருந்து கேட்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. பழமலைநாதனின் மனைவி கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பம்பையோடு உடுக்கை சேர்ந்தது. அதற்குமேல் வளவனின் பெரிய டிரம் ‘தொம்’ என்று விழுந்ததுதான் தாமதம், ஊசி ஒரு துள்ளுத் துள்ளிப் பாட்டின் நடுவே போய் உட்கார்ந்தது.

“என்னாம்மா அர்ஃபா, சோத்துல கை வைக்கறதுக்குள்ள மோர் ஊத்திட்ட?” என்றார் பழமலைநாதன்.

அர்ஃபா ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தாள். பம்பை வந்தது, உடுக்கை வந்தது. ‘தொம்’ விழுந்த இடத்தில் ஊசி மறுபடியும் துள்ளியது. தட்டைத் துடைத்தாள். ஊசியைத் துடைத்தாள். எத்தனை தடவை வைத்தாலும் பெரிய டிரம் வந்ததும் ஊசிக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை.

“ஊசி மேல ஒரு காசு வச்சுப் பாரு பாப்பா. வெயிட்டுக்கு அமுங்கிக் கெடக்கும்” என்றான் வளவன்.

“நம்ம வூட்ல காசு வச்சு ஓட்டிடலாம்ணே. வாங்கிட்டுப் போறவங்க வூட்லலாம் போயி யாரு காசு வைக்கறது?”

வளவன் சிரித்தான். அர்ஃபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அது சோதனைத் தட்டு. அது சரியாக ஓடினால்தான் மீதித் தட்டுகளை அச்சடிப்பார்கள். அவள் செய்த முதல் ரெக்கார்டு வேலை அது.

விருத்தாசலத்தில் அர்ஃபாவைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவளைப் பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கும் பெண்ணாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். சூளையிலிருந்து வெளியே வரும் கப்புகளைச் சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. நல்ல கப்பு மணிபோல் ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்து விழும். பகலெல்லாம் அதைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் பின்கட்டு அறையில் அவளுடைய இன்னொரு வேலை தொடங்கும். ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் ரயீஸ் அனுப்பிய இரண்டு ஸ்பீக்கர், ஒரு கம்ப்யூட்டர், பழைய ரெக்கார்டு பிளேயர், சுவரெல்லாம் அம்மா தாஜ் நிஷா தைத்துக் கொடுத்த பஞ்சுப் போர்வைகள். ஜங்ஷன் பக்கம் சரக்கு ரயில் போனால் அந்த அறையின் தரை மெல்ல அதிரும். அப்போது வேலையை நிறுத்திவிட்டு டீ குடிப்பாள்.

பாட்டை ஒருவர் பதிவு செய்வார். இன்னொருவர் எந்த வாத்தியம் எவ்வளவு கேட்கவேண்டும் என்று கலந்துவைப்பார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு எங்கே போய் ஒலிக்கப்போகிறதோ அந்த இடத்துக்குத் தகுந்தமாதிரி கடைசியாக ஒருவர் அதைச் சரிசெய்து அனுப்பவேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் அர்ஃபா இதைக் கற்றுக்கொண்டாள். கல்யாண டான்ஸ் பாட்டு, திருவிழாப் பாட்டு என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் கொண்டுவருவார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “சத்தம் பத்தல, ஏத்துங்க.” அவளும் ஏற்றுவாள். போனில் கேட்கிற பாட்டை எவ்வளவு அமுக்கினாலும், எவ்வளவு ஏற்றினாலும் போன் கோபித்துக்கொள்ளாது.

ரெக்கார்டு அப்படியில்லை. அதில் சத்தம் என்பது தட்டில் வெட்டிய ஒரு கோடு. சத்தம் பெரிதானால் கோடு அகலமாக வளையும். கோடு வளைந்தால் இடம் பிடிக்கும். ஒரு பக்கத்தில் நிறையப் பாட்டு வேண்டுமென்றால் சத்தத்தைக் குறைக்கவேண்டும். தட்டின் வெளிவிளிம்பில் பாட்டு பளிச்சென்று கேட்கும், நடுவை நெருங்க நெருங்கத் தெளிவு குறையும். ஆட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும் அடியைத் திருவிழாவில் அடிப்பதுபோல் கடைசியில்தான் வைக்கவேண்டும் என்று பழமலைநாதன் பிடிவாதம் பிடித்தார். அர்ஃபா ஒருவழியாக அவரைச் சமாதானப்படுத்தி அதை முதலில் வைத்து, மெதுவான உடுக்கை அடியைக் கடைசிக்குக் கொண்டுபோயிருந்தாள். அந்தச் சண்டைக்கே அவள் அம்மா மூன்று தடவை டீ போடவேண்டியிருந்தது.

கம்மாபுரம் பக்கத்துப் பம்பை செட்டு அது. பெண்ணாடத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அவர்கள் அடித்ததைக் கேட்டுவிட்டுத்தான் புதுச்சேரியில் ரெக்கார்டு கடை வைத்திருப்பவர் தேடி வந்தார். “இதுக்கு யாராலயும் ஆடாம இருக்க முடியாதுங்க. நான் ரெக்கார்டா போடறேன்” என்றார். வெளியீட்டு அன்று அங்கேயே வந்து அடிக்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். செட்டில் இருந்த எல்லாரும் புதுச் சட்டைத் துணி எடுத்துவிட்டார்கள்.

அர்ஃபா இப்போது அவரைக் கூப்பிட்டு ஊசி துள்ளுவதைச் சொன்னாள். அவர், “இன்னும் ஒரே ஒரு சாம்பிள் வெட்டச் சொல்றேன். அதுலயும் துள்ளுனா ரெக்கார்டு வேணாம்மா, போன்ல மட்டும் வுட்டுடலாம்” என்றார்.

போனை வைத்துவிட்டு அவள் எல்லாரையும் பார்த்தாள்.

“தப்பு என்னோடதுதாண்ணே. தட்டு வெட்டுறவரு அப்பவே கேட்டாரு, பெரிய டிரம் ஒரே பக்கமா, இடது ஸ்பீக்கர்லயே இருக்குது, நடுவுக்குக் கொண்டாரட்டுமான்னு. நான்தான் வேணாம், இவங்க நிக்கிற மாதிரியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.”

“சரியாத்தான சொல்லியிருக்க? அவன் நிக்கிறது இடது பக்கம்தான?” என்றார் பழமலைநாதன்.

“அண்ணே, கரும்பு ஏத்துற டிராக்டர்ல எல்லாக் கட்டையும் இடது பக்கமே அடுக்கினா என்னாவும்?”

“மில்லுக்குப் போறதுக்குள்ள கவுந்துடும்.”

“அதுதான் இங்க நடக்குது. சின்னச் சத்தம்லாம் எந்தப் பக்கம் இருந்தாலும் ஊசி தாங்கும். பெரிய டிரம்மோட உறுமல்தான் லோடு. அது ஒரே பக்கமா விழுந்தா கோடு ஒரு எடத்துல பள்ளமாவும், ஒரு எடத்துல மேடாவும் வெட்டிக்குது. மேட்டுல ஏறுன ஊசி எகிறிக் குதிக்குது.”

பழமலைநாதனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததனால்தான் அவர் முகம் மாறியது.

“அப்ப டிரம்ம நடுவுல கொண்டாரணும்ங்கற.”

எல்லாரும் வளவனைப் பார்த்தார்கள். ஏனென்றால் நடுவிடம் அந்தச் செட்டில் சாதாரண இடம் இல்லை. ஊர்வலத்தில் நடுவில் நிற்பவர் கையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அடியை மாற்றுவார்கள். அது தலைவரின் இடம். பெரிய டிரம் அவருக்கு இடது கைப்பக்கம். வளவன் அவருடைய மச்சான், கமலத்தின் தம்பி. போன வருஷம் நல்லூர்த் திருவிழாவில் யாரோ வீடியோ எடுக்கிறார்கள் என்று வளவன் அடித்துக்கொண்டே நடுவில் வந்து நின்றுவிட்டான். வீடியோவில் அவன் மட்டும் தெரிந்தான், பழமலைநாதனின் முழங்கை மட்டும் தெரிந்தது. அன்றைக்குத் தொடங்கியது இருவருக்கும் உரசல்.

“ரெக்கார்டே வேணாம். போன்லயே வரட்டும்” என்று துண்டை உதறித் தோளில் போட்டார் பழமலைநாதன்.

“மாமா, நான் என்ன ஒங்க நாற்காலியவா கேட்டேன்? ஊசி கேக்குது” என்றான் வளவன்.

“ஊசிக்கு மின்னாடி நீ கேட்டவன்தானடா!”

“தே, ரெண்டு பேரும் நிறுத்துங்க. வந்த வூட்ல மானத்த வாங்கறீங்க” என்று கமலம் அதட்டினாள்.

பழமலைநாதன் வாசலைப் பார்த்து நடந்தார். அவர் வாசல்படியைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. அவரிடம் சொல்லாமலே டிரம்மை நகர்த்தி அனுப்பிவிடலாம்தான். பட்டறையில் விரிசல் விட்ட கப்பை நல்ல கப்புகளுக்கு நடுவே வைத்துக் கட்டுவதுபோல் இருக்கும் அது. அர்ஃபா வழியை மறித்தபடி நின்றாள்.

“அண்ணே, ஒரு விளையாட்டு விளையாடலாமா? நீங்க ஜெயிச்சா நான் ஒண்ணும் பேச மாட்டேன்.”

“என்னா விளையாட்டு?”

“உங்க துண்டாலயே கண்ணக் கட்டிக்குங்க. வளவண்ணே டிரம் அடிப்பாரு. சத்தம் எங்கேருந்து வருதுன்னு நீங்க கையக் காட்டணும். அவ்ளோதான்.”

“இது ஒரு வெளையாட்டா? முப்பது வருஷமா இவங்க சத்தத்துலயே நிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே அவர் கண்ணைக் கட்டிக்கொண்டார். போட்டி என்றால் அவருக்கு விடமுடியாது.

வளவன் கையோடு கொண்டுவந்திருந்த டிரம்மின் மேல் அர்ஃபா கனமான போர்வையைப் போர்த்தினாள். அடிக்கும் கட்டையின் தலையில் துணியைச் சுற்றினாள். வளவன் டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு பூனைபோல் நடந்து ஜன்னலோரம் போய் மெதுவாக ஓர் அடி அடித்தான். குச்சிச் சத்தம் இல்லை. அடிவயிற்றில் உணரும் உறுமல் மட்டும் வந்தது.

பழமலைநாதன் பீரோவைக் காட்டினார். வளவன் பீரோப் பக்கம் போனான். அவர் வாசலைக் காட்டினார். வாசலுக்குப் போனான். அவர் வெகுநேரம் யோசித்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, உறுதியாகச் சமையல்கட்டின் பக்கம் விரலை நீட்டினார்.

“நான் வெங்காயம்தான் நறுக்கிட்டு இருக்கேன், டிரம் அடிக்கல” என்றாள் உள்ளேயிருந்து தாஜ் நிஷா.

கமலம் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். பழமலைநாதன் துண்டை அவிழ்க்கப் போனார். அர்ஃபா தடுத்தாள்.

“இன்னும் ஒரே ஒரு தடவைண்ணே.”

இந்தத் தடவை போர்வையை எடுத்துவிட்டு, துணி சுற்றாத குச்சியால் டிரம்மின் விளிம்பில் தட்டச் சொன்னாள். ‘டக்’ என்றதும் பழமலைநாதனின் விரல் அம்புபோல் நீண்டது.

“இந்தா, கதவாண்ட நிக்கிறான் திருட்டுப்பய!”

“பாத்தீங்களா? உறுமல் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு காதுக்குத் தெரியறதில்ல. குச்சிதான் எடத்தக் காட்டிக்குடுக்குது. உறுமல நடுவுல வச்சிடறேன், ஊசி ஒழுங்கா ஓடும். குச்சிச் சத்தத்த இடது பக்கமே வுட்டுடறேன். கேக்கறவங்களுக்கு அவரு உங்க இடது கைப்பக்கம்தான் நிப்பாரு.”

பழமலைநாதன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஆக, குச்சிதான் அவன். உறுமல் எல்லாருக்கும் பொது.”

“ஆமாண்ணே.”

“அப்ப சரி.”

“அப்ப ஒங்களுக்குத் தெரியாம நானும் நடுவுல நிப்பேன் மாமா” என்றான் வளவன்.

“டேய்!”

“சும்மாருடா” என்று தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள் கமலம். பழமலைநாதனே சிரித்துவிட்டார். நல்லூருக்குப் பிறகு மச்சான் பேச்சுக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு அர்ஃபாவுக்கு வேலை ஓடியது. எந்தச் சுருதிக்குக் கீழே இருக்கும் சத்தத்தை நடுவுக்குக் கொண்டுவருவது என்பதில்தான் சூட்சுமம். கூடுதலாக எடுத்தால் குச்சியும் சேர்ந்து நகர்ந்து வளவன் நடுவில் வந்துவிடுவான். குறைவாக எடுத்தால் ஊசி துள்ளும். ஒவ்வொரு மாற்றத்தையும் பழமலைநாதனுக்குப் போனில் அனுப்பினாள். அவர் இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டுக் குரலில் பதில் அனுப்புவார்: “இன்னும் ரெண்டு அடி தள்ளி நிக்கச் சொல்லு அவன.” அவள் தள்ளி வைப்பாள். கடைசியில் ஒருநாள், “ம். இப்ப சொன்ன எடத்துல நிக்கிறான்” என்று வந்தது. அன்றே அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது சோதனைத் தட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, செட்டில் இருந்த எல்லாரும் வந்து அந்த அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பட்டறையில் கூட வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் கதவோரம் நின்றார்கள். அர்ஃபா ஊசியை இறக்கிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பம்பை வந்தது. உடுக்கை சேர்ந்தது. வளவன் கண்ணை மூடிக்கொண்டான்.

‘தொம்.’

ஊசி அசையவில்லை. இன்னொரு ‘தொம்’. கோட்டுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த உறுமல் தரை வழியாக ஏறி எல்லார் வயிற்றிலும் போய் உட்கார்ந்தது. அதற்குமேல் குச்சி மட்டும் இடது பக்கத்திலிருந்து ‘டக் டக்’ என்று தெளிவாகக் கேட்டது. போனில் கேட்டபோது நசுங்கிக் கிடந்த பம்பை இப்போது மூச்சுவிட்டு எழுந்தது. கதவோரம் நின்ற பெண்களில் ஒருத்திதான் முதலில் தோளை ஆட்டினாள். பிறகு யார் முதலில் எழுந்தார்கள் என்று சொல்லமுடியாது. கமலம் ஆடினாள். வளவன் ஆடினான். பழமலைநாதன் உட்கார்ந்தபடியே ஆடிப் பார்த்து, முடியாமல் எழுந்துவிட்டார்.

ஒரு பக்கம் முடிந்தது. ஊசி கடைசிக் கோட்டில் சுற்றிக்கொண்டு ‘டிக்… டிக்…’ என்றது. யாரும் நிறுத்தவில்லை. வளவன் அந்த டிக்குக்கு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் அடி போட்டான். பழமலைநாதன் மச்சானின் அடியைக் கவனித்து, டிபன் பாக்ஸை எடுத்து மேலே ஒரு பம்பை அடி சேர்த்தார்.

“ஏண்டி, பாட்டுதான் முடிஞ்சி போச்சே, இன்னும் எதுக்கு ஆடறாங்க?” என்று வந்து நின்ற தாஜ் நிஷாவைக் கமலம் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அர்ஃபாவின் போன் அடித்தது. புதுச்சேரிக்காரர்.

“என்னம்மா, ஓடுதா? துள்ளுதா?”

அவள் பதில் சொல்லாமல் போனை அறைக்குள் நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் அவர் கத்திக்கொண்டிருந்தார்.

“இது ரெக்கார்டுல வர்றதா, நேர்ல அடிக்கறாங்களா?”

“ரெண்டும்தாங்க. நீங்க அச்சடிக்கச் சொல்லிடுங்க” என்றாள் அர்ஃபா.