மலையிறங்கி வந்தவர்கள்

போன வாரம் மருமகள் கடையிலிருந்து ஒரு புளி பாக்கெட் வாங்கி வந்தாள். கொட்டை எடுத்து, நார் எடுத்து, சோப்புக்கட்டி மாதிரி அமுக்கி வைத்திருந்தார்கள். பிரித்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

"இன்னா மாமா, புளியப் போயி மோந்து பாக்கறீங்க?" என்று சிரித்தாள்.

பாக்கெட்டை மடித்து அவளிடமே கொடுத்தேன். எனக்குப் பேச வராது. எழுதவும் அவ்வளவாக வராது, அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

புளிக்கு வாசனை உண்டு. கள்ளக்குறிச்சியில் புளிமண்டி வைத்திருந்த பாய்க்கு நான் ஜீப் ஓட்டிய காலத்தில், அது சட்டையை விட்டுப் போகாது. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற சின்னச் சின்ன ஊர்களில் புளி வாங்கி, மூட்டை கட்டி, கச்சிராயபாளையம் வழியாக இறக்குவோம். மலை ரோட்டில் எஞ்சின் சூடானதும் புளி, சாக்கு, டீசல் மூன்றும் சேர்ந்து ஒரு வாசனை வரும். சாப்பாட்டில்கூட அதுதான் இருக்கும்.

அதுவரைக்கும் நான் பார்த்த தூரதேசம் சின்னசேலம் ரயில் ஸ்டேஷன். உலகம் பூராவும் எங்கள் தெரு மாதிரியே இருக்கும் என்று நினைத்திருந்தேன். மலை ஒன்றும் தூரமில்லை, வீட்டு வாசலில் நின்றாலே தெரியும். ஆனால் அங்கே மனுஷர் வேறு மாதிரி வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

முதல் தடவை போனபோது, ஒரு வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, எடுத்த எடுப்பில் "புளி இன்னா வெல?" என்று கேட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் எனக்குப் பதில் சொல்லாமல், கட்டியிருந்த மாட்டைப் பார்த்து, "கீழ்நாட்டு ஆளு கொலப்பசியில வந்துக்கிறான் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெள்ளையன் என்று ஒருத்தர், புளி உலுக்குகிறவர், அவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வந்தவங்க மொதல்ல பேசக் கூடாதுங்க. உக்காரணும். தண்ணி குடுத்து, களி போட்டு, வூட்டுக்காரங்கதான் இன்னா சேதின்னு கேப்பாங்க. அப்புறம்தான் பேச்சு."

"கேக்கலன்னா?"

"பொழுது சாயற மட்டும் உக்காந்திருந்துட்டு எழுந்து வந்துடணும். வேணாம்னு அர்த்தங்க. மறுபடி அந்தப் பேச்சுக்கு அங்க போகக் கூடாது."

வேடிக்கையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அதே ஊரில் எனக்குச் சாமைச் சோறு போட்ட அம்மா, முதல் புருஷன் செத்ததையும், ரெண்டாவதாக இவரைக் கட்டியதையும், ஏதோ சந்தைக்குப் போய்வந்த கதை மாதிரிச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இன்னா தம்பி, கட்டிக்கினது நானு. வெக்கம் ஒனக்கா?" என்றாள்.

நான் குனிந்ததற்குக் காரணம் என் அக்கா. அஞ்சலை. கட்டிக்கொடுத்த வருஷமே கரும்பு லாரியில் அடிபட்டுப் புருஷன் போய், எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். காலையில் நான் வண்டி எடுக்கக் கிளம்பும்போது எதிரில் வந்துவிடக் கூடாதென்று கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். வேணாம்க்கா என்பேன். நிற்பாள்.

கொட்டை தட்ட ஆள் வேண்டும் என்று பாய் அந்த மாசியில் பெண்களை மலைக்கு அனுப்பினார். அக்காவும் வந்தாள். அங்கேயும் முதல் நாள் காலையில் நான் ஜீப்பை எடுக்கும்போது ஒரு சுவருக்குப் பின்னால் போய் நின்றாள். மலைக்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள். "எதுக்குடி அங்க ஒளியற? வண்டி கெளம்ப மாட்டேங்குது, வந்து தள்ளு" என்று இழுத்து வந்தாள். அக்கா தள்ளினாள். கிளம்பிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். கை இரண்டையும் பார்த்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றாள்.

பங்குனி கடைசியில் மலையிறங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தம்பி, அந்த வெள்ளையன் கேட்டாருடா."

"இன்னா கேட்டாரு?"

"என்னைத்தான். அவரு பொண்டாட்டி செத்து ரெண்டு வருஷம் ஆவுதாம்."

"நீ இன்னா சொன்ன?"

"வூட்ல வந்து கேளுங்கன்னேன்."

நான் கியரை மாற்றினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. 

நைனாவிடம் நான்தான் சொன்னேன். வேறு ஜனம், அதிலும் தாலி அறுத்தவளுக்குக் கல்யாணம். அடிப்பார் என்று நினைத்தேன். பல நாள் பேசாமல் இருந்தவர், ஒருநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, "வரச் சொல்லு. நேர்ல ஆளப் பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய வார்த்தை. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அது சந்தோஷ அழுகைதான்.

ஆடி கழிந்து, ஆவணியில் கடைசிப் புதன்கிழமை அவர்கள் வருவது என்று பேச்சு. நானே மலைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குள் மறியல் வந்துவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் ரோட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. ஜீப் மண்டியிலேயே நின்றது. அப்புறம் போலீஸ் வந்தது. ஆம்பளை என்று கண்ணில் பட்டவனையெல்லாம் வேனில் ஏற்றினார்கள். நானும் நைனாவும் தெருக்காரர்களோடு கரும்புக் காட்டில் போய் உட்கார்ந்துகொண்டோம். கரும்புச் சோகை அறுத்து முழங்கையெல்லாம் எரியும். அம்மாவும் அக்காவும் கஞ்சி எடுத்துவருவார்கள்.

அந்தப் புதன்கிழமையும் கொண்டுவந்தார்கள். அக்கா தலை சீவியிருந்தாள்.

"நைனா, இன்னிக்கி அவங்க வர்றேன்னு..."

"எப்படிம்மா வருவாங்க? பஸ்ஸே ஓடல. ரோடு தொறக்கட்டும், தம்பியே போயி இட்டுக்கினு வருவான்."

எனக்கும் அதுதான் தோன்றியது. அத்தனை தடவை மலைக்குப் போய்வந்தும் எனக்கு உறைக்கவில்லை. எங்களுக்குப் பஸ் நின்றால் உலகமே நின்ற மாதிரி. அவர்களுக்குப் பஸ் எப்போதுமே கணக்கில் கிடையாது. சொன்ன சொல்லுக்கு விடியும் முன்னே கிளம்பி, மலையிறங்கி, அணைக்கரையோரமாக நடந்தே வந்திருக்கிறார்கள்.

போலீஸ் வருகிறது என்று யாரோ சொல்ல, அம்மாவும் அக்காவும் அன்றைக்குப் பொழுது சாயும்வரை எங்களோடேயே காட்டில் இருந்துவிட்டார்கள். மறுநாள் அம்மா, அக்காவோடு கஞ்சி எடுத்துவந்த எதிர்வீட்டுச் சின்னம்மா கதை சொன்னாள்.

"நேத்து மப்டியில போலீஸு வந்துட்டுதுடி. நாலு பேரு. தோள்ல கம்பளி, கையில கம்பு. ஒங்க வூட்டு வாசல்லதான் குந்திக்கினு இருந்தானுங்க, பொழுது போற மட்டும். ஒரு வார்த்தை பேசலியே! நாங்க ஒருத்தரும் கதவத் தொறக்கல. ஒருத்தன் கையில சொரக்குடுக்க வேற, தேனு ஒழுவுது."

"நல்ல போலீஸுதான், தேன் விக்க வந்துது!" என்று யாரோ சொல்ல, கரும்புக்குள் எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா கையிலிருந்த தூக்குச் சட்டியைத் தரையில் வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள். நைனா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ரோடு திறந்ததும் நான் மலைக்குப் போனேன். வெள்ளையன் வீட்டில் உட்கார்ந்தேன். தண்ணி கொடுத்தார்கள். களி போட்டார்கள். அவர்தான் கேட்டார், "இன்னா சேதிங்க?"

எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"புரியுதுங்க. ஒங்க மேல தப்பு இல்ல. ஆனா ஊரு பெரியவங்களோட வந்து உக்காந்தோம். கேக்காத வாசலுக்கு மறுபடி அவங்க வர மாட்டாங்க. எனக்கு வேற எடம் முடிச்சிட்டாங்க." தண்ணிச் சொம்பை எடுத்து வைத்துவிட்டு, "அவங்க நல்லாருக்காங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். "இன்னா சொன்னாரு?" என்றாள் அக்கா.

"நல்லாருக்கியான்னு கேட்டாரு."

"சரி. கை கழுவு. சோறு போடறேன்."

அந்த மறியலில் கிடைத்த ஒதுக்கீட்டை வைத்துத்தான் என் மகன் படித்தான், வேலைக்குப் போனான். அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அவனைத் தூக்கி வளர்த்ததும் அக்காதான். எங்களோடேயே இருந்தாள். மலைப்பேச்சு எடுத்ததே இல்லை.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில், புருஷன் செத்த ஒரு சின்னப் பெண்ணுக்கு மறுகல்யாணம் நடந்தது. மண்டபம், மைக் செட்டு, பிரியாணி. வெளி ஜனத்துப் பையன்தான். ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. அக்காவும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். திரும்பி வரும்போது நடு வழியில் நின்றாள்.

"அவ்ளோதானாடா தம்பி?"

"இன்னாக்கா?"

"இல்ல, இவ்ளோ சுளுவா முடிஞ்சிடுச்சே. அதான் கேட்டேன்."

அடுத்த வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். அவளை மூலையில் உட்கார வைத்த அந்தக் கட்டுப்பாடு எப்போது ஊரை விட்டுப் போனது என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை.