அப்பா கையெழுத்து இல்லாத கடிதம்

கொல்லிமலை மேலே ஒரு சின்னக் கல்லூரியில் பதினோரு வருடமாகத் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு பேளுக்குறிச்சியில். காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் மாறி, காரவள்ளியில் தொடங்கும் எழுபது வளைவுகளையும் காலையில் ஏறி, சாயங்காலம் அதே எழுபதையும் இறங்குவேன். இது போதாதென்று மாணவியர் குறைதீர் குழுவுக்கும் நான்தான் ஒருங்கிணைப்பாளர். குழுவில் ஐந்து பேர். மற்ற நான்கு பேரும் சுவரில் உள்ள பலகையில் மட்டும் இருக்கிறார்கள்.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. புகார் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டும். விதியை எழுதியது நான். ஒரு பெண் வாயால் சொன்னதை நம்பி ஒருமுறை ஒரு பையனைக் கூப்பிட்டு விசாரித்தேன். மறுநாள் அவளுடைய தாய்மாமன் நாலு பேரோடு வந்து, "எங்களக் கேக்காம எங்க ஊட்டுப் புள்ள பேர எப்படீங்க இழுக்கலாம்" என்று ஆபீஸ் வாசலில் ஒரு மணி நேரம் கத்திவிட்டுப் போனார். அன்றைக்கே விதியை டைப் அடித்து ஒட்டினேன். அதற்குப் பிறகு புகாரே வரவில்லை. ஆண்டறிக்கையில் 'புகார்கள்: இல்லை' என்று போட்டுக்கொள்வதில் முதல்வருக்குப் பெருமை.

கடிதம் எழுதிய பெண் இரண்டாம் வருடம் படித்தாள். மலையிலேயே பிறந்தவள். அப்பாவுக்கு மரவள்ளியும் கொஞ்சம் மிளகும். வகுப்பில் பாதி நேரம் ஜன்னலைப் பார்ப்பாள். மாட்டினாள் என்று நினைத்துக் கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்லிக் கடுப்பேற்றுவாள்.

ஒரு வியாழக்கிழமை ஒரு கடிதம் கொண்டுவந்தாள். அத்தை மகன், முறை மாப்பிள்ளை, தினமும் பஸ் ஸ்டாப்பில் நின்று படிப்பை நிறுத்து என்கிறான், இரண்டு முறை கையைப் பிடித்து இழுத்தான், கொன்றுவிடுவேன் என்கிறான், காலேஜில் இருந்து யாராவது அவனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். படித்துவிட்டு, கடைசியில் அப்பா எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்பாகிட்ட வாங்கிட்டு வா கண்ணு. அப்பத்தான் நான் எடுக்க முடியும்."

"அப்பாவோட அக்கா பையனுங்க மிஸ் அது."

"யாரா இருந்தா என்ன, ரூல் ரூல்தானே."

திங்கட்கிழமை அதே கடிதத்தோடு வந்தாள். கையெழுத்து இல்லை. "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க மிஸ். ஊட்டுல யாராச்சும் பார்த்துருவாங்க" என்றாள். வாங்கி, நிலுவை என்று எழுதியிருந்த ஃபைலில் வைத்தேன். அந்த ஃபைலில் இருந்த ஒரே தாள் அதுதான்.

புதன்கிழமை காலை, பஸ்ஸுக்கு நடந்து வந்தவளை மிளகுத் தோட்டத்து வழியில் அவன் அரிவாளால் வெட்டினான். அங்கேயே செத்துப்போனாள். சாயங்காலத்துக்குள் அவனைப் பிடித்துவிட்டார்கள்.

கல்லூரி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தோம். அதில் என்ன போடுவது என்று முக்கால் மணி நேரம் கூட்டம் நடந்தது. 'படுகொலை' என்றால் கல்லூரி பெயர் கெடும் என்றார் ஒருவர். 'இயற்கை எய்தினார்' என்று போடலாமா என்று இன்னொருவர் கேட்டார், கிண்டலாக இல்லை, நிஜமாகவே. கடைசியில் 'அகால மரணம்' என்று முடிவானது. அஞ்சலிக்கு எல்லோரையும் ஷெட்டில் உட்கார வைத்து, இரண்டு நிமிட மௌனத்தை முதல்வர் தன் கடிகாரத்தைப் பார்த்து நடத்தினார். நாற்பது விநாடி இருக்கும். அப்புறம் லீவு. பையன்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார்கள். பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. அட்டெண்டர் வந்து ஷெட்டைப் பூட்ட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்கள்.

மறுநாள் பாதுகாப்பு ஏற்பாடுகள் அறிவிக்கப்பட்டன. பெண்கள் வரிசையாகத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். பெண்கள் போனை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். பெண்கள் துப்பட்டாவுக்கு இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டும். அரிவாள் வைத்திருக்கும் ஆண்களுக்கு ஏற்பாடு எதுவும் இல்லை. ஸ்டாஃப் ரூமில், "ஒண்ணும் இல்லாமயா வெட்டியிருப்பான்" என்று ஒருவர் சொல்ல, இருவர் தலையாட்டினார்கள். நான் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். வாயைத் திறந்தால் ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டி வருமே.

முதல்வரிடம் மட்டும் சொன்னேன். கடிதத்தை வாங்கிப் பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து இல்லையே மேடம்."

"இல்லைங்க சார்."

"அப்ப இது புகாரே இல்லையே. வராத புகாருக்கு நாம எப்படிப் பொறுப்பு? உங்க ரூல் நல்ல ரூலுங்க."

வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

காரியம் முடிந்த வாரத்தில் அவள் அப்பா வந்தார். லைப்ரரியில் இருந்து புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லி, அவள் போனுக்கு மெசேஜ் போயிருக்கிறது. பட்டியலில் இருந்து யாரும் அவள் பெயரை எடுக்கவில்லை. ஒரு மஞ்சள் பையில் இரண்டு புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தார். அவர் வராந்தாவில் வருவதைப் பார்த்ததும் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வகுப்பு வந்துவிட்டது. நான் கொஞ்சம் தாமதமாக எழுந்தேன்.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ள உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

"இல்லீங்களே" என்றேன்.

"அது அவனக் கட்டிக்கச் சரின்னு சொல்லிப்போட்டு அப்புறம் மாத்திக்கிச்சுன்னு பேசறாங்க. அக்கா ஊட்டுலயும் அதத்தான் சொல்றாங்க. அவன் வக்கீலும் அப்படித்தான் சொல்லப் போறாராம். இல்லீன்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க. அதான் கேட்டேன்."

"இல்லீங்க" என்று இரண்டாவது தடவையும் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். போனவர் திரும்பி வந்து, புத்தகம் கொடுத்ததற்குச் சீட்டு ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்டார்.

அன்று இறங்கும் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இரண்டு பேர் இதையே பேசிக்கொண்டு வந்தார்கள். பொண்ணு நகை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டதாம். எந்த நகை, எப்போது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதினோரு வருடத்தில் அந்த வளைவுகளில் ஒருநாளும் வாந்தி எடுக்காதவள் அன்றைக்கு எடுத்தேன். கண்டக்டர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை ஃபைலில் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் அப்பா வீட்டுக்குப் போனேன். மரவள்ளிக் காட்டில் இருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்க வராது. நானே படித்தேன். கடைசிக்கு முந்தின வரியில், 'வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்தி அவனுக்கே கட்டிக் கொடுத்துவிடுவார்கள்' என்று எழுதியிருந்தாள். அந்த வரியை விட்டுவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். படித்துவிட்டேன்.

பிறகு, அன்றைக்கு இல்லை என்று பொய் சொன்னதையும், கையெழுத்து வாங்கி வா என்று அவளைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். நாலு வார்த்தை திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் அந்த முந்தின வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"நெசந்தானுங்க" என்றார். "எங்கிட்ட கேட்டிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்."

அவர் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தினார்.

"வாங்க டீச்சர், ஸ்டேஷனுக்குப் போலாம்."

ஸ்டேஷனில் எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முதலில் நான் சொன்னேன். கடிதம் எப்போது வந்தது, நான் என்ன செய்தேன், முதல்வர் என்ன சொன்னார், எல்லாவற்றையும். முதல்வரை விட்டுவிடலாமே என்று எழுத்தர் கேட்டார், விட வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை எனக்கு மெமோ வரும் என்பது அப்போதே தெரியும். வந்தது.

பிறகு அவள் அப்பாவிடம், பெண் அந்தப் பையனுக்குச் சம்மதம் சொன்னதுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அதோடு அவர் முடித்துக்கொண்டிருக்கலாம். எழுத்தரும் பேனாவை மூடப் போனார்.

"இன்னொண்ணு எழுதிக்குங்க" என்றார் அவர். "எம்புள்ள ஊட்டுல சொல்லாததுக்குக் காரணம் நானு. சொல்லியிருந்தா அவனுக்கே கட்டிக் குடுத்திருப்பேன்."

"அதெல்லாம் கேசுக்கு வேண்டாங்க பெரியவரே."

"கேசுக்கு வேண்டாங்க. கடுதாசில அது பொய் சொல்லலீன்னு தெரியணுமில்லீங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். பிறகு எழுதி முடித்து, தாளைத் திருப்பிப் பெரியவர் பக்கம் தள்ளினார். என் மாணவியின் அப்பா பேனாவை வாங்கி, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக முழுசாக எழுதினார்.